பூனை ஆட்டம்

கதவைத் திறப்பதற்கு முன் அவள் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். காலியான இருமல் மருந்துப் புட்டியில் சமையல் எண்ணெயை ஊற்றிக் கைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மேல் கீலுக்குக் கொஞ்சம், கீழ்க் கீலுக்குக் கொஞ்சம். துரு கரைந்து பழுப்பாக வழிந்தது. குப்பை வண்டி வந்துபோவதற்காகப் பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் வைத்த சின்ன இரும்புக் கதவு அது. மற்ற நாட்களில் அது போடும் கிறீச்சொலியை யாரும் பொருட்படுத்தியதில்லை. மைதானத்தின் கூச்சலில் யானை பிளிறினாலும் கேட்காது. இப்போது மதியம், சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரம். தெருவில் ஈ காக்கை இல்லை. அடுக்குமாடிகளின் ஜன்னல்களில் எல்லாம் திரை. தெருமுனை மர நிழலில் கண்காணிப்பு வண்டி நின்றிருந்தது. அதற்குள் இருந்தவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தன் இரண்டு பிள்ளைகளையும் சுவரோடு ஒட்டி நடக்கச் சொல்லி அவரைக் கடந்து வந்திருந்தாள். சாவி பூட்டுக்குள் திரும்பியபோது எழுந்த சின்னக் ‘க்ளக்’ அவள் முதுகுத்தண்டு வரை போய்வந்தது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. சின்னவன் அவளை அண்ணாந்து பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் ஓடினான்.

சாவி திருட்டுச் சாவியில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மைக்செட் மிஸ்’. மைதானத்தின் இந்த மூலையில் நின்று, அந்த மூலையில் ஷூ லேஸ் அவிழ்ந்து நிற்பவனை ஓர் அதட்டு அதட்டினால் அவன் மட்டுமல்ல, நடுவில் நிற்கும் அத்தனை பேரும் குனிந்து தங்கள் லேஸைப் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு அவள் இப்போது வீட்டுக்குள் கிசுகிசுத்துப் பேசினாள்.

இரண்டே அறைகள் உள்ள மூன்றாம் மாடி வீடு. ஊரடங்கு தொடங்கிய புதிதில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி, தலையணைகளை அடுக்கி, தாண்டச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பந்தயம் வைத்தாள். கீழ்வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். அவரும் வீட்டிலிருந்துதான் வேலை. முதலில் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார்: “மேலே யானை ஏதும் வளர்க்கிறீங்களா மேடம்?” கூடவே சிரிக்கும் முகம். பிறகு சிரிக்கும் முகம் இல்லாமல் போட்டார். பிறகு செய்தி போடுவதையும் விட்டுவிட்டு, துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிக்க ஆரம்பித்தார். டொக், டொக். பிள்ளைகள் அவருக்கு ‘டொக்டொக் மாமா’ என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கே இணையத்தில் வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரியும் பிள்ளைகளுக்குக் குதித்துக் காட்ட முடியாமல் கைகளை மட்டும் ஆட்டிக் காட்டினாள். இடுப்புக்குக் கீழே யாருக்கும் உடம்பே கிடையாது என்பதுபோல அந்த வகுப்பு நடந்தது.

சின்னவன்தான் முதலில் மாறினான். நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நடந்ததே இல்லை அவன், ஓட்டம்தான். அவன் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நடக்க ஆரம்பித்தான். குளியலறைக்குப் போனாலும் அப்படித்தான். அப்புறம் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளப் பழகினான். “ஏன்டா இங்க உக்காந்திருக்கே?” என்று குனிந்து கேட்டால், “இங்க உக்காந்தா யாருக்கும் கேக்காது” என்றான். தட்டில் வைத்தது அப்படியே கிடந்தது. எப்போதோ நிறுத்திவிட்ட பழக்கம் திரும்பி வந்து, காலையில் படுக்கை நனைந்திருந்தது. டாக்டரிடம் போனில் கேட்டபோது அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மருந்தெல்லாம் வேண்டாம்மா. வெயில்ல விடுங்க, ஓட விடுங்க” என்றார்.

“எங்க டாக்டர் ஓட விடறது?”

“பால்கனி இல்லையா?” என்றார்.

பால்கனி இருந்தது. அதில் துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. மிச்ச இடத்தில் வேண்டுமானால் அவர் வந்து ஓடிப் பார்க்கலாம்.

அந்த பால்கனியிலிருந்து எதிர்ப்புறக் கட்டடம் தெரியும். அங்கே ஒரு வீட்டில் தொற்று என்று வாசலில் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது அவளுடைய குழந்தை ஜன்னல் கண்ணாடியை இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி தடிமனானது போல. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. விளையாட்டு டீச்சர் துணி காயப்போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். அன்று முழுக்கத் தன் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். வீட்டுக்கு வருவதில்லை, ஆஸ்பத்திரி பிடித்துக் கொடுத்த விடுதியில் தங்கியிருந்தான். சாயங்காலங்களில் போனில் வருவான். முகக்கவசம் அழுத்திய தடம் கன்னத்தில் காயம்போல இருக்கும். “இன்னைக்கு ஒரு சின்னப் பையன் படம் எடுத்தேன். நம்ம பொடியன் வயசுதான். மூச்சை இழுத்துப் பிடின்னு சொன்னா அவனுக்குப் புரியல. பிடிக்க மூச்சு இருந்தாத்தானே” என்று ஒருநாள் சொன்னான். நுரையீரல் முழுக்கப் பஞ்சு அடைத்ததுபோல வெள்ளையாக இருந்ததாம். “என்ன ஆனாலும் சரி, இதுங்களை வாசப்படி தாண்ட விடாதே. கால்ல விழுந்து கேட்டுக்கறேன்.” அவள் “விடமாட்டேன்” என்றாள். அப்போது மேஜைக்கு அடியிலிருந்து சின்னவனின் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. வெயில் படாமல் வெளுத்துப்போயிருந்த பாதம்.

இரண்டு பயங்களுக்கு நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பள்ளி மைதானத்தில் மனிதர்கள் இல்லை. மனிதர்கள் இல்லாத இடத்தில் நோய் இல்லை. மாட்டிக்கொள்வது மட்டும்தான் ஆபத்து. கட்டடச் சங்கத்தின் குழுவில், வெளியே நடமாடியவர்களை யாராவது மாடியிலிருந்து படம் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போன வாரம் ஒருவரை நாயோடு பிடித்தார்கள். அதன் கீழே ‘நாய்க்கு இருக்கும் அறிவு’ என்று தொடங்கி எத்தனையோ பேர் எழுதினார்கள். அவள் எழுதவில்லை, படித்தாள். பிள்ளைகளோடு பிடித்தால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்த்தாள்.

அதனால்தான் பூனை ஆட்டத்தைக் கண்டுபிடித்தாள். ஆசிரியைதான், ஆட்டத்துக்கு விதி செய்வது அவளுக்குப் புதிதில்லை. செருப்பில்லாமல் ஓட வேண்டும். எவ்வளவு வேகமாகவும் ஓடலாம், எதையும் தாண்டலாம், புரளலாம். வாயைத் திறக்கக் கூடாது. சிரிப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கலாம். அம்மா கையை உயர்த்தினால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஒளிந்துவிட வேண்டும். சத்தம் போட்டவர் அவுட். முதல் நாள் சின்னவன் ஒரு நேர்கோட்டில் மைதானத்தின் கடைசி வரை ஓடினான். எதற்காகவும் இல்லை. சுவரைத் தொட்டான், திரும்பி ஓடி வந்தான், மறுபடியும் போனான். மூச்சிரைக்க வந்து அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது அவன் தலையிலிருந்து வெயிலும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. அன்று தானே எடுத்துச் சாப்பிட்டான். படுத்ததும் தூங்கினான். படுக்கை காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு நிறுத்துவது என்ற பேச்சே அவளிடம் இல்லாமல் போயிற்று.

ஒருநாள், ஆட்டத்தின் நடுவில், பின்கதவை யாரோ தட்டினார்கள். அவள் கையை உயர்த்தினாள். பிள்ளைகள் மறைந்தார்கள். “யாருப்பா உள்ளே?” என்று ஓர் ஆண் குரல் கேட்டது. கைகழுவும் தொட்டிக்குப் பின்னாலிருந்து சின்னவன் எழுந்து நின்று, “நாந்தான்!” என்றான், வீட்டில் கதவு தட்டும்போது சொல்வதைப் போலவே. வெளியே இருந்த ஆள் சிரித்துவிட்டுப் போய்விட்டான். யாரோ வழிப்போக்கனாக இருக்கும். அவள் உடனே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் சின்னவனை உட்காரவைத்து, “யார் கூப்பிட்டாலும் வரக்கூடாதுடா” என்றாள். அவன் தலையாட்டினான். நாலு வயதுப் பிள்ளையின் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்பது அவளுக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தால் போதாது, பழக்க வேண்டும். இத்தனை வருட வேலையில் அவள் கற்றது அது ஒன்றுதான்.

அதனால் பழக்கினாள். கை உயர்த்திப் பிள்ளைகளை ஒளியவைத்துவிட்டு, மைதானத்தின் நடுவில் நின்று, குரலை அடக்கிக் கூப்பிடுவாள். முதலில் கட்டைக் குரலில், போலீஸ்காரர் மாதிரி. அது சுலபம். பிறகு அப்பா மாதிரி. சின்னவன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவுட்டானான். பிறகு மிட்டாய் இருக்கிறது என்று கூப்பிட்டாள். கடைசியாகத் தன் சொந்தக் குரலில், “ஆட்டம் முடிஞ்சுபோச்சு, வாடா தங்கம்” என்றாள்.

“அம்மா கூப்பிட்டாக்கூடவா வரக்கூடாது?” என்று பெரியவள் முன்பே கேட்டிருந்தாள். அவள் இரண்டாம் வகுப்பு. விதிகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்பவள்.

“அம்மா கூப்பிட்டாக்கூட. அம்மா வந்து தலையைத் தொட்டாத்தான் ஆட்டம் முடிஞ்சதா அர்த்தம்.”

“அம்மா அழுதுக்கிட்டே கூப்பிட்டா?”

அவள் யோசித்தாள். “அப்பவும்தான்” என்றாள்.

சின்னவன் அவள் குரலுக்கு இரண்டு மூன்று தடவை ஓடி வந்தான். ஓடி வந்தவனை அவள் கட்டிக்கொள்ளவில்லை. “அவுட்” என்று சொல்லிப் படிக்கட்டில் உட்காரவைத்தாள். அக்கா ஓடுவதை அவன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் உதடு பிதுங்கி, கண் நிறைந்து, சத்தம் வராமல் அழுதான். ஆனால் அடுத்த வாரம் அவள் எவ்வளவு குழைந்து கூப்பிட்டும் மைதானம் அசையவில்லை. வெயிலும் சுவர்களும்தான் இருந்தன. தன் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தனக்கே தெரியாத அந்த நொடியில் அவளுக்கு உடல் ஒருமுறை சிலிர்த்தது. அதைப் பெருமிதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

“பசங்க ஏன் இப்படி குசுகுசுன்னு பேசறாங்க?” என்று கணவன் போனில் கேட்டான்.

“லைன் சரியில்ல போல.”

“லைன் நல்லாத்தான் இருக்கு. உன் குரல் கேக்குதே. டேய் பொடியா, அப்பாவுக்கு ஒரு பாட்டுப் பாடுடா.”

சின்னவன் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், உதடுகளை மட்டும் அசைத்து ஒரு பாட்டு முழுவதையும் பாடி முடித்தான். கணவன் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து சிரிப்பதை நிறுத்தினான்.

லாரி வந்த நாளில் லேசாக மேகம் இருந்தது. வெயில் குறைவு என்பதால் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்துவிட்டார்கள். முன்வாசலின் பெரிய கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் கை தானாக உயர்ந்தது. பிள்ளைகள் இருந்த இடத்தில் புழுதி மட்டும் இருந்தது. அவளும் மோட்டார் அறைச் சுவருக்குப் பின்னால் பதுங்கினாள். அங்கிருந்து பின்கதவுக்குப் போக மைதானத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். லாரி பின்னோக்கி வந்து மைதானத்தின் நடுவில் நின்றது. அதில் இரும்புக் கட்டில்கள் கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்க அடுக்கப்பட்டிருந்தன. பின்னாலேயே வந்த வேனிலிருந்து, தலைமுதல் கால்வரை வெள்ளை உறை அணிந்தவர்கள் இறங்கினார்கள். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. தொப்பி போட்ட ஒருவர், மேற்பார்வையாளராக இருக்க வேண்டும், கையைத் தட்டிச் சொன்னார்: “சாயங்காலத்துக்குள்ள எல்லா ரூமும் ரெடியாகணும். ராத்திரிக்கு பேஷன்ட்டுங்க வந்துடுவாங்க. மொதல்ல மருந்து அடிங்க, அப்புறம் கட்டில்.”

எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். நான் இங்கே டீச்சர், சாவி இருக்கிறது, பிள்ளைகள் கொஞ்சம் ஓடட்டும் என்று வந்தேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. படம் எடுப்பார்கள். எக்ஸ்ரே எடுப்பவரின் வீடு என்று தெரிந்தால் மூன்று பேரையும் வண்டியில் ஏற்றுவார்கள். பெரியவர்களை ஒரு இடத்துக்கும் குழந்தைகளை வேறு இடத்துக்கும் கொண்டுபோகிறார்கள் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். உண்மையா, பொய்யா, யாருக்குத் தெரியும். எதிர்க்கட்டடத்து ஜன்னல் கண்ணாடி நினைவுக்கு வந்தது. இவர்கள் முதலில் கட்டடத்துக்குள் போவார்கள், அப்போது நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அவசரப்படுகிறவர்கள்தான் ஆட்டத்தில் தோற்பார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவளே அவள்தானே. காத்திருந்தாள்.

முதுகில் தொட்டி கட்டிய ஒருவன் இயந்திரத்தை முடுக்கினான். அது கொட்டிய சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. வெள்ளைப் புகைபோல மருந்து பீறிட்டது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் கலந்ததுபோல ஒரு நெடி அவள் இருந்த இடம்வரை வந்து தொண்டையைக் கமறியது. இருமலை அடக்கப் புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவன் கட்டடத்துக்குள் போகவில்லை. மைதானத்தின் ஓரமாக, பார்வையாளர்கள் உட்காரும் சிமெண்டுப் படிக்கட்டுகளில் தொடங்கினான். ஒவ்வொரு படியாக அடித்துக்கொண்டே வந்து, படிகளுக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இருந்த பொந்தின் முன்னால் குனிந்தான். ஓட்டப் பாதைக்குக் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகளை வைக்கும் இடம் அது. குழாயை அதற்குள் நுழைத்து நன்றாக நாலாபக்கமும் திருப்பி அடித்தான். வேலையில் சுத்தமான ஆள். பின்னாலேயே மற்றவர்கள் கட்டில்களைத் தூக்கி வந்து அந்தப் படிக்கட்டின் மேல் சாய்த்து அடுக்க ஆரம்பித்தார்கள். இரும்போடு இரும்பு மோதியது.

அவள் கண்கள் பிள்ளைகளைத் தேடின. நீளம் தாண்டும் குழியை மூடியிருந்த தார்ப்பாய்க்கு வெளியே பெரியவளின் குதிகால் ஒன்று தெரிந்தது. நல்லது. சின்னவன் எப்போதும் கைகழுவும் தொட்டிக்குப் பின்னால்தான் ஒளிவான். அங்கே பார்த்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாமரத்தடியில் இல்லை. கொடிக்கம்ப மேடைக்குப் பின்னால் இல்லை. லாரியின் சக்கரங்களைப் பார்த்தாள். அது பின்னோக்கி வந்தபோது எந்த வழியாக வந்தது என்று பார்த்தாள். மண்ணில் டயர் தடம் தெளிவாக இருந்தது. அந்தத் தடத்தில் அவள் பயந்தது எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் எழுந்து நின்றாள்.

“நிறுத்துங்க! மருந்தை நிறுத்துங்க!”

யாருக்கும் கேட்கவில்லை. கைகளை வீசிக்கொண்டு ஓடினாள். ஆட்கள் அவளைப் பார்த்ததும், அவள் ஏதோ தீப்பிடித்து வருவதுபோல, விலகினார்கள். இயந்திரம் நின்றது.

“யாரும்மா நீ? எப்படி உள்ளே வந்தே?” என்றார் மேற்பார்வையாளர். “அங்கேயே நில்லு. கிட்ட வராதே.”

“என் பையன் இங்க ஒளிஞ்சிருக்கான். சின்னப் பையன். நாலு வயசு.”

“ஒளிஞ்சிருக்கானா? எதுக்கு ஒளியணும்?”

அவள் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “சரி, கூப்பிடும்மா. நல்லா சத்தமா கூப்பிடு.”

“கூப்பிட்டா வரமாட்டான்.”

“ஏன், காது கேக்காதா?”

“கேக்கும்” என்றாள். “நல்லாக் கேக்கும்.”

ஆனாலும் கூப்பிட்டாள். இத்தனை மாதங்களாக அடைத்து வைத்திருந்த தொண்டையைத் திறந்து, முழு மைதானத்துக்குமாகக் கூப்பிட்டாள். “டேய் பொடியா! வாடா! ஆட்டம் முடிஞ்சுபோச்சுடா! வாடா தங்கம்!” குரல் கட்டடத்தில் மோதித் திரும்பியது. மதிலுக்கு அப்பால் மாடிகளில் திரைகள் விலகின. முகங்கள் தெரிந்தன. சில கைகளில் போன். அவள் அதைப் பார்த்தாள், பார்த்தபடியே மறுபடி கூப்பிட்டாள். அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் பழக்கும்போது அவள் சொன்ன சொல்லாகவே இருந்தது. வேறு சொற்கள் கிடைக்கவில்லை. குரல் உடைந்தது. அழுதுகொண்டே கூப்பிட்டாள். எங்கோ ஓர் இடத்தில், அவள் அழுகையை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி, இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தாள். பெரியவள் மணலில் குப்புறப் படுத்திருந்தாள். அவள் தலையில் கை வைத்தாள்.

“தம்பி எங்கடி?”

பெரியவள் எழுந்து உட்கார்ந்து வெள்ளை உறைகாரர்களைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

“உன்னைத் தொட்டுட்டேன்ல? உனக்கு ஆட்டம் முடிஞ்சுது. சொல்லு. தம்பி எங்க?”

“நான் சொன்னா அவன் அவுட்டாயிடுவான்மா” என்றாள் பெரியவள், காதருகில் வந்து, காற்று மட்டுமான குரலில்.

“ஆகட்டும்டி. பரவால்ல. சொல்லு.”

“நேத்தும் அவன்தான்மா சிரிச்சு அவுட்டு. பாவம்மா. இன்னைக்கு ஜெயிக்கணும்னு புது இடத்துக்குப் போயிருக்கான்.”

அவள் பெண்ணின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். எவ்வளவு பலமாக உலுக்குகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. பெரியவளின் கண்கள், தான் செய்வது துரோகம் என்று தெரிந்த கண்களாக, அவளைத் தாண்டிப் போயின. மோவாய் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. படிக்கட்டுப் பக்கம்.

முதலில் புரிந்துகொண்டவன் மருந்தடித்தவன்தான். “அந்தப் பொந்துலயா?” என்றான். உறைக்குள்ளிருந்து அவன் குரல் குழந்தையின் குரல்போல மெலிந்து வந்தது. “அதுக்குள்ள நான் நல்லா அடிச்சேனே. ஒரு சத்தமும் வரலையே. ஒரு இருமல்கூட வரலையே.”

அவர்கள் கட்டில்களை இழுத்தார்கள். ஒன்றோடொன்று கால் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. “தூக்கு, இழுக்காதே, சரிஞ்சுடும்!” “அந்தப் பக்கம் புடிப்பா!” என்று கத்தினார்கள். தொடாதே, தள்ளி நில் என்பதெல்லாம் போய்விட்டது. மேற்பார்வையாளர் அவள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓர் இரும்புக் காலைப் பிடித்து இழுத்தார். பொந்தின் வாய் தெரிந்ததும் அவள் மண்ணில் படுத்து உள்ளே தவழ்ந்தாள். நெடி கண்ணைக் கிழித்தது. இருட்டு. கை நனைந்த சாக்கில் பட்டது. நனைந்த சுண்ணாம்பில் பட்டது. அது வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் நீட்டினாள். முடி. நனைந்து ஒட்டிய முடி. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அந்தத் தலை, தொடப்பட்டுவிட்டது என்று அறிந்து, அவள் கையின் கீழே மெல்லத் தளர்ந்து சாய்ந்தது.

கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டாள். பையன் முழுக்க வெள்ளையாக இருந்தான், வேனிலிருந்து இறங்கி வந்த ஆட்களைப் போலவே. கண்கள் இறுக மூடியிருந்தன. யாரோ, “தண்ணி, தண்ணி, கண்ணைக் கழுவுங்க” என்று கத்தினார்கள். மருந்தடித்தவன் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு குடத்தோடு ஓடி வந்தான். அவள் பிள்ளையை மடியில் சாய்த்து, தலையைப் பக்கவாட்டில் பிடித்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெள்ளை கரைந்து ஓடி, சிவந்த தோல் தெரிந்தது. இமைகள் வீங்கியிருந்தன. கை வைத்தால் நெஞ்சு ஏறி இறங்கியது, வேகவேகமாக, பறவையின் நெஞ்சுபோல. மேற்பார்வையாளர் போனில் யாரிடமோ, “வண்டி அனுப்புங்க, குழந்தை, ஆமா குழந்தை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று அவள் கேட்கவில்லை.

இமைகள் கொஞ்சம் பிரிந்தன. அந்தச் சிவப்புக்குள்ளிருந்து அவன் அவளைப் பார்த்தான். வலி முகம் முழுக்க ஏறியது. வாய் திறந்தது, பற்களும் நாக்கும் உள்நாக்கும் தெரியுமளவுக்குத் திறந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. கண்ணீர் தண்ணீரோடு சேர்ந்து காதுக்குள் வழிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

“அழுடா” என்றாள். “என் ராஜா, அழுடா. சத்தமா அழு. இனிமே ஒண்ணும் இல்ல. கத்துடா.”

அவன் வாயை மூடவில்லை. அந்த வலிக்கு நடுவிலும் அவள் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவள் சொல்வது நிஜமா, இதுவும் அந்த மாதிரிதானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போல. சுற்றிலும் வெள்ளை உறைகள் அசையாமல் நின்றன. மாடிகளில் முகங்கள் நின்றன. குடத்திலிருந்து வழிந்த தண்ணீர் மண்ணில் வெள்ளையாகப் பரவியது. அவனுடைய நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, தொண்டைக்கு வந்து, ‘ஹ்’ என்று ஒரு நுனி மட்டும் வெளியே வந்தது.

பெரியவள் ஆட்களின் கால்களுக்கு இடையில் நுழைந்து ஓடி வந்தாள். மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மாடிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மிகவும் பிரியமாக, தன் சின்ன உள்ளங்கையால் தம்பியின் வாயைப் பொத்தினாள்.